கொல்கத்தா மைதான் கால்பந்து நினைவுகளைச் சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொல்கத்தாவில் வாழ்ந்த தாத்தா, சித்தப்பா, பழைய அலுவலக நண்பர் என்று யாராவது ஒருவர் நகர நடுவிலுள்ள பெரிய திறந்தவெளியான மைதானில் ஆடிய மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் கால்பந்து கிளப்கள் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்தப் பேச்சைப் பதிவு செய்யவும், வீட்டில் கிடக்கும் டிக்கெட், பத்திரிகைத் துண்டு, கேசட் ஆகியவற்றைக் காப்பாற்றவும், சொன்னது சரியா என்று பார்க்கவும் முனைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

முதலில், மூன்று கிளப்களையும் பற்றி அவசியம் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது, பச்சை–மெரூன். முகமதன் ஸ்போர்ட்டிங் 1891, கருப்பு–வெள்ளை. ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1, சிவப்பு–தங்கம். கடைசியாகச் சொன்னது பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1920 ஜூலை 28-ல் மோகன் பகானுடன் ஆடிய ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரை வெளியே உட்கார வைத்தது. கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று எண்ணிய ஜோராபகான் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். நான்கே நாளில் புதுக் கிளப்.

பேட்டி எடுக்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ‘பாங்கால்’ என்றால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பம், ‘கோட்டி’ என்றால் மேற்கு வங்கத்துப் பூர்வீகம். ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஒருவரின் கால்பந்து நினைவு சட்டென்று தேசப் பிரிவினைக்கும், விட்டுவந்த வீட்டுக்கும் போய்விடும். பேச்சு திசைமாறுகிறதே என்று இடைமறிக்கக் கூடாது. அவரைப் பொறுத்தவரை பேச்சு மாறவே இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூராண்டு கோப்பையை வென்றது. அந்த அணியில் வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1960-களில் முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்குமே ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். மூன்று கிளப் ரசிகர்களும் ‘எங்க தங்கராஜ்’ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். மூவர் சொல்வதும் சரியே.

அதற்கு முன்னால், 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்றார்கள். ஐவரும் தென்னிந்தியர். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. (வங்கக் கால்பந்தை நடத்தும் சங்கம்) ஷீல்டு வாங்கிக் கொடுத்தவர்கள். அந்தக் காலத்துப் பேச்சு வரும்போது இந்தப் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பெரியவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேட்டியில் முதலில் எதைக் கேட்பது?

‘எந்த வருஷம்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். வருஷம் கேட்டால் அவர் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். பிறகு முழுக் கதையையும் அந்த எண்ணுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டே போவார். கீழே உள்ள வரிசை நன்றாக வேலை செய்கிறது:

எங்கே நின்று பார்த்தீர்கள்? கேலரியா, உறுப்பினர் பகுதியா, வில்லியம் கோட்டைப் பக்கத்து மேடா? அங்கே எப்படிப் போனீர்கள், டிராமா, பஸ்ஸா, நடையா? கூட யார்? டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? மாட்ச் முடிந்து வெளியே வந்ததும் என்ன செய்தீர்கள்? இவை முடிந்தபின்தான் கோல், ஸ்கோர், வருஷம்.

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, தான் நின்ற இடத்தை வரையச் சொல்லுங்கள். வரையும்போது ‘இங்கே குதிரைப் போலீஸ் நிற்கும், இந்தப் பக்கம் கிளப் டென்ட்’ என்று தானாக வரும். அந்தத் தாளில் தேதி போட்டு, அவர் பெயரின் முதலெழுத்தை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பழைய புகைப்படத்தை முதல் பாதியில் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால் அதில் இருப்பதையே நினைவாகச் சொல்ல ஆரம்பிப்பார். அரை மணி நேரம் அவராகப் பேசிய பிறகு காட்டலாம்.

நண்பர்கள் நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைப்பது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உரத்த குரல் ஒன்று மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். முதலில் தனித்தனியாகப் பேசிவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார வையுங்கள். அப்போது வரும் சண்டையையும் பதிவு செய்யுங்கள், பயனுள்ளது.

பதிவுக்கு என்ன கருவி வேண்டும்?

கைப்பேசி போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பாதியில் அழைப்பு வந்தால் சில செயலிகள் பதிவை நிறுத்திவிடும். கோப்பு வகை டபிள்யூ.ஏ.வி., 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். 2 ஜிபி இடம் காலியாக இருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள்.

காலர் மைக் இருந்தால் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே மாட்டுங்கள். பட்டுப் புடவை, கஞ்சி போட்ட சட்டை இரண்டும் சரசரக்கும், கவனம். பதிவைக் கெடுப்பதில் முதலிடம் சீலிங் ஃபேனுக்கு. அதை நிறுத்த முடியாத வெயிலில், டேபிள் ஃபேனைப் பேசுபவரின் கால்பக்கம் தள்ளி வைத்து ஓட விடுங்கள். ஆரம்பத்தில் 30 நொடி யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொண்டால் பின்னால் இரைச்சலைக் குறைக்க உதவும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். வங்காளமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் இன்னும் கூடும். மொழிபெயர்ப்பு மட்டும் எழுதிவிட்டு மூல ஒலியை அழிக்கும் தவறைச் செய்யாதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி தப்பாக இருக்கிறதே, எப்படிச் சரிபார்ப்பது?

பெரும்பாலும் உணர்ச்சி சரியாக இருக்கும். தேதி, இடம், கோல் அடித்தவர் ஆகிய மூன்றும்தான் இடம் மாறும். இரண்டு வெவ்வேறு மாட்ச்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான கோளாறு. அடிக்கடி மாட்டுபவை சில:

1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி. மோகன் பகான் 2, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் 1. சிவதாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. ‘பதினோரு பேரும் வெறுங்கால்’ என்பார்கள். பத்துப் பேர்தான், சுதீர் சட்டர்ஜி பூட்ஸ் அணிந்திருந்தார். பட்டம் விட்டு ஸ்கோரைத் தெரிவித்த கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இந்த மாட்ச் பற்றி இன்று பேட்டியில் கிடைப்பதெல்லாம் வழிவழியாக வந்த பேச்சு. ‘யார் சொல்லிக் கேட்டீர்கள்?’ என்று கேட்டு, அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

1934 முதல் 1938 வரை முகமதன் தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் வென்றது. லீக் வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. 1940-ல் டூராண்டு கோப்பையையும் வென்றது. லீக்கும் டூராண்டும் பேச்சில் கலந்துவிடும். லீக் என்றால் கல்கத்தா, அந்த 1940 இறுதி என்றால் டெல்லி. ஊரைக் கேட்டால் பிரிந்துவிடும்.

1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதி. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. சுரஜித் சென்குப்தா, ரஞ்சித் முகர்ஜி, சுபாங்கர் சன்யால் ஆளுக்கு ஒன்று, ஷ்யாம் தாப்பா இரண்டு. தாப்பா ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். ‘ஆறு அடித்திருக்க வேண்டியது’ என்று ஒருவர் சொன்னால் அது வெறும் பெருமை இல்லை, பெனால்டியைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இதே ஷ்யாம் தாப்பா பின்னால் மோகன் பகானுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே சைக்கிள் கிக்கில் கோல் போட்டார் (1978). ஆகவே ‘தாப்பா எங்க ஆள்’ என்று இரு தரப்பும் சொல்லும்.

1976 லீக் மாட்ச். மோகன் பகானின் முகமது அக்பர் 17-வது நொடியில் கோல் போட்டார். ‘உட்காருவதற்குள் கோல்’ என்று யாராவது சொன்னால் இதுவாகத்தான் இருக்கும்.

1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ். மோகன் பகானும் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸும் 2–2. பெலே கோல் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்கள் ஏராளம். அன்று அவர் கோல் போடவில்லை. மோகன் பகானுக்காக அடித்தவர்கள் ஷ்யாம் தாப்பாவும் முகமது ஹபீபும்.

1997 ஜூலை 13, சால்ட் லேக், பெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டயமண்ட்’ ஆட்டமுறைக்கும் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜிக்கும் நடந்த போட்டி என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. பார்வையாளர் எண்ணிக்கை 1,31,781 என்று பதிவாகியுள்ளது. அந்த எண்ணிக்கையை விட அதிகமானோர் ‘நான் அங்கே இருந்தேன்’ என்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

2009 அக்டோபர் 25. மோகன் பகான் 5, ஈஸ்ட் பெங்கால் 3. சிடி எடே நான்கு கோல். ‘ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டோம்’ என்று, 1975-ன் ஐந்து கோலை நினைத்து, மோகன் பகான் ரசிகர் சொல்வது இதைத்தான். எதிரணி மூன்று போட்டதை விட்டுவிடுவார்.

‘அன்று கொட்டோ கொட்டென்று மழை, காலெல்லாம் சேறு’ என்பது தேதி கண்டுபிடிக்க உதவாது. கல்கத்தா லீக் நடந்ததே மழைக்காலத்தில்தான்.

மைதானத்தை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். சால்ட் லேக் ஸ்டேடியம் 1984-ல்தான் திறந்தது. அதற்கு முன்பு பெரிய மாட்ச் என்றால் கிளப் மைதானங்கள், இல்லாவிட்டால் ஈடன் கார்டன்ஸ். ஆகவே ‘1979-ல் சால்ட் லேக்கில்’ என்று வந்தால் இரண்டில் ஒன்று தப்பு. பெரும்பாலும் வருஷம்தான்.

கிளப் மைதானங்களில் மரப்பலகை கேலரிகள். அலுவலகத்துக்கே ‘டென்ட்’ என்று பெயர். காரணம், மைதான் முழுவதும் ராணுவத்தின் நிலம், நிரந்தரக் கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை. ‘பலகை ஆடியது’, ‘பலகைக்குக் கீழே பணம் விழுந்துவிட்டது’ என்றால் கிளப் மைதானம். ‘மேல் மாடி’ என்றால் ஈடன். ‘பந்து எறும்பு மாதிரி தெரிந்தது’ என்றால் சால்ட் லேக்.

பெரிஸ்கோப் வைத்து மாட்ச் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். டிக்கெட் கிடைக்காதவர்கள் கோட்டைப் பக்கத்து மேட்டில் நிற்பார்கள். முன்னால் நிற்கும் தலைகளுக்கு மேலே பார்க்க அட்டைப் பெட்டியில் இரண்டு கண்ணாடி பொருத்திய பெரிஸ்கோப்.

கண்காட்சிக்கோ பள்ளிக்கோ ஒன்று செய்து காட்ட வேண்டுமானால்: 10 சென்டிமீட்டர் சதுரக் குழாயாக அட்டையை மடியுங்கள், நீளம் 50 முதல் 60 சென்டிமீட்டர். இரண்டு முனையிலும் 45 டிகிரி சாய்வில் கண்ணாடி. 10 சென்டிமீட்டர் குழாய்க்குக் கண்ணாடியின் நீளம் 14 சென்டிமீட்டர் வேண்டும். 10-க்கு 10 வெட்டினால் மேலும் கீழும் இடைவெளி விழுந்து பாதிப் படம்தான் தெரியும். மேல் திறப்பு முன்பக்கம், கீழ்த் திறப்பு பின்பக்கம். இரண்டு கண்ணாடியும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் மைதானம் சாய்ந்து தெரியும். நீளத்தைக் கூட்டக் கூட்டப் பார்வைப் பரப்பு சுருங்கும். ஒரு மீட்டருக்குப் போனால் கோல் போஸ்ட்டைப் பார்ப்பவருக்கு நடுக்களம் தெரியாது. அதனால்தான் பெரிஸ்கோப்பில் பார்த்தவர்களின் நினைவு துண்டு துண்டாக இருக்கிறது: ‘பந்து போனது தெரியும், கோல் என்று சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.’

தேதி இல்லாத டிக்கெட், சீசன் அட்டை, நோட்டீஸ். எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். வெறும் ‘பைசா’ என்றால் அதற்குப் பிறகு. பழைய ரசிகர்கள் பேச்சில் வரும் ‘60 பைசா கேலரி’ இந்த மூன்றாவது காலத்தைச் சேர்ந்தது.

அச்சக முகவரியைப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் அடியில் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். ‘கல்கத்தா–13’ என்பது போல ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் என்றால் 1972-க்கு முந்தைய பழக்கம். 700-ல் தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். ஆங்கிலத்தில் ‘கொல்கத்தா’ என்று அச்சாகியிருந்தால் 2001-க்குப் பிறகு என்று கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: அச்சகங்கள் பழைய தாள்களைத் தீரும்வரை பயன்படுத்தும். ஆகவே ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதை நம்பலாம். ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்பதை அவ்வளவாக நம்பக் கூடாது.

ஜெர்சி?

மார்பில் விளம்பரதாரர் பெயராகக் கிங்ஃபிஷர் என்று இருக்கும் ஈஸ்ட் பெங்கால் சட்டையும், மெக்டவல் என்று இருக்கும் மோகன் பகான் சட்டையும் 1998-க்கு முன்னால் இருக்க வழியில்லை. ‘எழுபதுகளில் ஆடிய வீரர் கொடுத்தது’ என்று யாராவது விற்க வந்தால் முதலில் மார்பைப் பாருங்கள். துவைக்காதீர்கள். சேற்றுக்கறை இருந்தால் இருக்கட்டும். மடிப்புகளில் துணி கிழியும், அதனால் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி மடிப்புக்குள் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

வங்காளப் பத்திரிகைத் துண்டில் உள்ள தேதியைப் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு பொறிகள். ஒன்று, எண் வடிவம். வங்காள எழுத்தில் 4 என்ற எண் பார்க்க நம் 8 போலவே இருக்கும். 7 என்ற எண் 9 போலத் தெரியும். ஸ்கோர் 4–1 என்பதை 8–1 என்று எழுதிவைத்த சேகரிப்புகள் உண்டு.

இரண்டு, ஆண்டு. வங்க ஆண்டுடன் 593 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1382 என்று இருந்தால் 1975. வங்கப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் வருவதால், ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையிலான தேதிகளுக்கு 594 கூட்ட வேண்டும். கால்பந்துப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை என்பதால் 593 பெரும்பாலும் சரியாக வரும்.

மாட்ச் செய்தி மறுநாள் பத்திரிகையில்தான் இருக்கும். செப்டம்பர் 30 மாட்ச்சுக்கு அக்டோபர் 1 இதழைத் தேட வேண்டும். அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் கேட்கும்போது பத்திரிகைப் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ‘எழுபதுகளில் ஒரு மாட்ச்’ என்று போனால் நாள் வீணாகும்.

பத்திரிகைத் துண்டுகளை லாமினேட் செய்துவிடலாமா?

வேண்டாம். செய்தால் திருப்பி எடுக்க முடியாது. செய்தித்தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் உள்ளேயே தங்கித் தாளைத் தின்றுகொண்டே இருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. செல்லோ டேப்பும் அப்படியே. பத்து வருஷத்தில் பிளாஸ்டிக் உரிந்துவிடும், பழுப்புப் பசை மட்டும் எழுத்தின் மேல் நிற்கும்.

செய்ய வேண்டியது: மடிப்பை மெல்லப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஸ்கேன். துண்டின் பின்னால் ஒரு கருப்புத் தாள் வையுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும். இந்த ஒரு சின்ன வேலையைச் செய்யாததால் பாழான ஸ்கேன்கள்தான் அதிகம். எழுத்துக்கு 300 டி.பி.ஐ. போதும். பத்திரிகைப் படம் புள்ளிகளால் ஆனது, 300-ல் அலை அலையாகக் கோடு விழும்; 600-ல் எடுத்து, ஸ்கேனரில் ‘டீஸ்கிரீன்’ வசதி இருந்தால் அதைப் போட்டு இன்னொரு பிரதி எடுங்கள். மூலக்கோப்பு டிஃப், அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக். ஒரு டிக்கெட் 600-ல் வண்ணத்தில் எடுத்தால் சுமார் 10 எம்பிதான் வரும், கஞ்சத்தனம் வேண்டாம்.

தாளை அமிலமற்ற உறையில் அல்லது பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வழவழப்பான பி.வி.சி. உறை ஆகாது, வெயில் காலத்தில் மை உறையில் ஒட்டி வந்துவிடும். அந்துருண்டையைத் தாளோடு சேர்த்துப் போடாதீர்கள். பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து, அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் வெள்ளிப்பூச்சி தொல்லை குறையும். குறிப்பு எழுத 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

சட்டம் போட்ட அணிப் புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

உரிக்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனர் கொள்ளாத அளவென்றால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி பிடித்து, நேர்க்கோணத்தில் எடுங்கள். பசைப் பக்க ஆல்பமாக இருந்தால் பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல் மெல்ல நகர்த்தலாம்.

ரேடியோ வர்ணனை பதிந்த கேசட் இருக்கிறது. இன்னும் பாடுமா?

பெரும்பாலும் பாடும். அஜய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புஷ்பேன் சர்க்கார் ஆகியோரின் வங்காள வர்ணனைக் குரல் வீட்டுக் கேசட்டில் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அவசரப்பட்டு ‘பிளே’ அழுத்தாதீர்கள்.

முதலில் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ‘ரெக்கார்ட்’ அழுத்தினாலும் அழியாது. ஜன்னல் வழியாகப் பாருங்கள்: வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் வீட்டுக் கருவியில் போடக் கூடாது. நடுவில் இருக்கும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் ஒலி மங்கும். ஐந்து திருகு உள்ள கேசட்டானால் திறந்து, நாடாவைப் புது ஓட்டுக்கு மாற்றலாம். திருகில்லாமல் ஒட்டிய ஓடு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள்.

நாடாவின் இரு முனையிலும் உள்ள ஒட்டு பழசாகிவிட்டிருக்கும். வேகமாகச் சுற்றி முனையில் டக் என்று நின்றால் அங்கேயே பிய்யும். கடைசிச் சில சுற்றுகளை பென்சிலால் சுற்றுங்கள். ஒலி அடைத்தாற்போல் கேட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகைக் கால் திருப்பு திருப்பி, கூட்டத்தின் ‘ச்’ சத்தம் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். மலிவான யூ.எஸ்.பி. கேசட் பிளேயர்களில் வேகம் சீராக இருக்காது. வர்ணனையாளர் குரல் இழுபடும். பழைய நல்ல டெக்கைச் சுத்தம் செய்து பயன்படுத்துவதே மேல்.

ஹில்சா–இறால் கதை நிஜமா, சுற்றுலாக்காரர்களுக்காகச் சொல்வதா?

நிஜம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா, மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்று மாலை அந்த மீனின் விலை ஏறும். பேட்டியில் இதைப் பொதுவாகக் கேட்டால் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். ‘உங்கள் வீட்டில் யார் வாங்கி வந்தார்கள், எந்தச் சந்தை, தோற்ற அன்று என்ன சமையல்?’ என்று கேளுங்கள். தோற்ற நாளின் சமையலைப் பற்றி யாரும் ஒத்திகை பார்த்து வைத்திருப்பதில்லை, அதனால் அங்கேதான் நல்ல சரக்கு கிடைக்கும்.

வீரர்களை ஒளித்துவைத்த கதைகளை நம்பலாமா?

அணி மாறும் பருவத்தில் வீரர்களைக் கடத்திக்கொண்டு போய் ரகசிய இடத்தில் வைத்து, கையெழுத்துப் போடும் நாளில் நேராக ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ‘எங்க மாடியில்தான் ஒளித்து வைத்தோம்’ என்பவர் ஒருவர் உண்டு. வீரர் பெயர், எந்தக் கிளப்பிலிருந்து எதற்கு என்று கேட்டு, அடுத்த பருவ அணிப் பட்டியலோடு பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் கதையைத் தூக்கி எறிய வேண்டாம், ‘உறுதியாகவில்லை’ என்று குறித்து வையுங்கள்.

1980 ஆகஸ்ட் 16 பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அவராக எடுக்கும்வரை காத்திருப்பது நல்லது. ஈடன் கார்டன்ஸில் நடந்த மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் லீக் மாட்ச்சில் கேலரியில் மூண்ட கலவரத்தில், நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்த தான முகாம் நடக்கிறது.

இந்த நினைவைச் சொல்பவர் நடுவில் நிறுத்தினால் பதிவையும் நிறுத்துங்கள். இறந்தவர்களின் பெயரையோ குடும்ப விவரத்தையோ, ‘யார் ஆரம்பித்தது’ என்று அவர் சுட்டும் பெயரையோ குடும்பத்தின் சம்மதமும் வேறு ஆதாரமும் இல்லாமல் வெளியிடக் கூடாது. அவர் எந்தப் பகுதியில் இருந்தார், எந்த வாசல் வழியாக வெளியே வந்தார், வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தார் என்பவற்றைப் பதிவு செய்தால் போதும்.

இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்கிறார்கள். யாரை எடுப்பது?

இரண்டையும். ஸ்கோர், தேதி போன்றவற்றைப் பத்திரிகையைப் பார்த்துத் தீர்த்துவிடலாம். ‘அது ஆஃப்சைடா இல்லையா’ என்பதைத் தீர்க்க முயலாதீர்கள். அவரவர் எந்தக் கேலரியில் நின்றார் என்பதை எழுதினால், படிப்பவருக்கே ஏன் இரண்டு விதமாகத் தெரிந்தது என்று விளங்கும். பேச்சைத் திருத்தி எழுதாமல், அடியில் சதுர அடைப்புக்குள் சரியான தேதியைச் சேருங்கள்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, பகிர்வது எப்படி?

ஆண்டு–மாதம்–நாள் முதலில், பிறகு பொருள், பிறகு வரிசை எண்: ‘1975-09-30_ஷீல்டு_டிக்கெட்_01’. தேதி தெரியாவிட்டால் ‘197x’. மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்பினால் இரண்டு வருஷத்தில் அழுவீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு குறைந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

பேட்டி தொடங்கும் முன் குரலை, பெயரை, படத்தை எங்கெங்கே பயன்படுத்தலாம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவிலேயே பதில் வாங்குங்கள். குரலுக்குச் சரி, பெயருக்கு வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். பத்திரிகைப் படத்தின் பிரதி கையில் இருப்பதால் அதன் உரிமை உங்களுடையது ஆகிவிடாது. குடும்பத்தில் யாரோ எடுத்த படமா, பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்ததா என்று பின்பக்க முத்திரையைப் பார்த்துவிட்டுப் பொதுவெளியில் போடுங்கள். அந்த முத்திரையையும் ஸ்கேன் செய்துவையுங்கள், ஏனென்றால் தேதி பல சமயம் அதில்தான் இருக்கும்.